வெற்றித்தொடர் முறிந்தபின்

தோல்வியிலிருந்து பாடங் கற்கவேண்டும் என்று சொல்லாத ஆசிரியர் இலர். அதனை எவ்வாறு கற்பது என்று சொல்வாரோ அரியர். நானும் பல்லாண்டுகளாக வகுப்பறையில் அவ்வறிவுரையை வழங்கியவனேயாயினும், அதன் பொருளை ஆராய வேண்டிய நிலை சென்ற விடுமுறையிலேதான் எனக்கு ஏற்பட்டது. தலவாக்கலையில் மழை விடாது பெய்த நாட்கள் அவை. தமக்கையின் மகன் எங்கள் வீட்டு விறாந்தையில் அமர்ந்து, கையடக்க விளையாட்டுக் கருவியொன்றில் நான்கு நாட்களாக ஆழ்ந்திருந்தான். ஐந்தாம் நாள் மாலை அக்கருவியை மூடி ஒரு பக்கம் வைத்துவிட்டு, “எல்லாம் போயிற்று, மாமா. இனி இதைத் தொடமாட்டேன்” என்றான். தொடர்ச்சியாக 46 போர்களில் வென்றவன் 47ஆவதில் தோற்றிருந்தான். ஒரு தோல்வியோடு எண்ணிக்கை மீண்டும் சுழியத்துக்கு வந்துவிடும் என்பது அவ்விளையாட்டின் விதி.

சிறுபிள்ளை விளையாட்டுத்தானே என்று இதனைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. “இனித் தொடமாட்டேன்” என்னும் அதே சொல்லை, தவணைதோறும் முதலிடம் பெற்று ஒரு முறை சறுக்கிய மாணவர் வாயிலிருந்து நான் கேட்டிருக்கின்றேன். அவருட் சிலர் உண்மையாகவே தொடாமல் விட்டனர். ஆகவே, அவ்விளையாட்டு எத்தகையது, அதில் வெற்றி எவ்வாறு உண்டாகின்றது, எவ்வாறு முறிகின்றது என்பவற்றை அவனிடமே பாடங் கேட்டேன். கேட்டதையும் அதன்மேற் போட்ட கணக்கையும் ஈண்டுத் தருகின்றேன்.

அவ்விளையாட்டின் பெயர் போக்கிமோன். 1996ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் நாள் ஜப்பானில் முதன்முதல் வெளிவந்தது. அதனை ஆக்கிய சதோஷி தஜிரி 1965இற் பிறந்தவர். தோக்கியோ நகரின் புறத்தே வளர்ந்தவர். வண்டுகளையும் பிற பூச்சிகளையும் பிடித்துச் சேர்ப்பது அவரது இளமைக்காலப் பொழுதுபோக்கு. வயலும் குளமும் இருந்த இடங்கள் கட்டடங்களாக மாறிவிட, பூச்சி பிடிக்கும் இன்பத்தை நகரப் பிள்ளைகளுக்கு மீட்டுக்கொடுக்க விழைந்ததே அவ்விளையாட்டின் தோற்றுவாய் என்பர். தொடக்கத்தில் அதில் 151 கற்பனைப் பிராணிகள் இருந்தன. இன்று அவை ஆயிரத்துக்கு மேற்பட்டுவிட்டன. ஆடுபவன் அவற்றைப் பிடித்து, வளர்த்து, பயிற்றி, பிறருடைய பிராணிகளோடு பொருதவிடுகின்றான். பொருதல் என்றவுடன் சேவற்போர் போன்றதொன்றை நினைத்துவிடலாகாது. இங்கு வலிமையைவிட வகையறிவே முதன்மையானது. ஒவ்வொரு பிராணிக்கும் நெருப்பு, நீர், புல், மின், நிலம், உருக்கு, பனி என்றாற்போல ஒன்றோ இரண்டோ இயல்வகைகள் உண்டு. இவ்வகைகள் இப்போது 18. நீர் நெருப்பை வெல்லும், நெருப்பு புல்லை வெல்லும், புல்லோ நீரை வெல்லும். மின்தாக்குதல் நிலவகைப் பிராணியைச் சிறிதும் தீண்டாது. பகலிற் காக்கை கூகையை வென்றுவிடும் என்று வள்ளுவர் காலமறிதலில் எடுத்துக்காட்டிய உண்மையை இப்பிள்ளைகள் இவ்வழியாற் கற்றுக்கொள்கின்றனர். அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் வலியறிதல், இடனறிதல் ஆகிய அதிகாரங்களுக்கும் இவ்விளையாட்டில் வேலை உண்டு.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த கிறிஸ்டல் என்னும் பதிப்பிலே போர்க்கோபுரம் என்றோர் இடம் முதன்முதல் அமைக்கப்பட்டது. பிற்பதிப்புகளில் அது மாளிகை, சுரங்கப்பாதை, மரம் எனப் பல வடிவு கொண்டதாயினும் அதன் உட்பொருள் ஒன்றே. மருமகன் ஆடியது 2013ஆம் ஆண்டுப் பதிப்பிலுள்ள மாளிகை. அங்கே மூன்று பிராணிகளை மட்டுமே கொண்டுசெல்லலாம். எல்லாப் பிராணிகளும் 50ஆம் படிநிலையில் வைத்தே மதிக்கப்படும்; ஆதலின் நெடுநாள் வளர்த்து மிகைவலிமை பெறச் செய்த பிராணியால் அங்குத் தனிப் பயன் இல்லை. பையிலுள்ள மருந்துகளைப் போரின் நடுவே எடுக்கமுடியாது. ஒவ்வொரு போரும் முடிந்தவுடன் பிராணிகள் முழு நலம் பெற்றுவிடும். அடுத்த எதிரி உடனே வருவான். எதிரிகளை நடத்துவது பொறியே. தொடக்கத்தில் மெலியவர் வருவர். தொடர் நீள நீள வலியவர் வருவர். எத்தனை போர் தொடர்ந்து வென்றான் என்பதே அங்கு ஒருவனுடைய புகழுக்கு அளவுகோல்.

இனி, அப்போர்களில் தற்செயலுக்கு உள்ள பங்கினைச் சொல்லவேண்டும். ஏனெனில், அதனை அறியாதவன் தோல்வியைப் பற்றி எது சொன்னாலும் அது பாதிதான். பிராணிகளின் தாக்குதல்கள் பல நூற்றுக்கு நூறு தப்பாமல் விழுவன. ஆயினும் பெருவலிமையுள்ளவை சில அவ்வாறல்ல. பெருநீர்த்தாக்கு ஒன்று 80 வீதமே குறிதவறாது விழும். பேரிடி 70 வீதம். விழுந்த தாக்குதலின் வலிமையும் நிலையானதன்று. அதன் முழு அளவில் 85 வீதம் முதல் 100 வீதம் வரை ஏதேனும் ஒன்றாக அமையும். முடக்கம் என்னும் நோய்ப்பட்ட பிராணி தன் முறை வந்தபோது நான்கில் ஒரு பங்கு அசையாது நின்றுவிடும். விரைநகம் என்னும் பொருளை அணிந்த பிராணி, இயல்பாக மந்தமானதாயினும், ஐந்தில் ஒரு முறை முந்திக்கொள்ளும். எல்லாவற்றினும் கொடியவை, ஒரே அடியில் எதிரியை வீழ்த்திவிடும் சில தாக்குதல்கள். ஒத்த படிநிலையிலுள்ள பிராணிகளுக்கிடையில் இவை பலிப்பது 30 வீதம். பலித்தாலோ எத்தகைய பிராணியும் வீழ்ந்துபடும்.

இவற்றையெல்லாம் ஒருங்கே நோக்குமிடத்து, ஒவ்வொரு போரிலும் ஆடுபவனுக்கு வெல்லும் நிகழ்தகவு ஒன்று உண்டு என்பதும், அது எவ்வளவு தேர்ந்தவனுக்கும் நூறு வீதமாகாது என்பதும் விளங்கும். க.பொ.த. சாதாரண தர மாணவனும் இக்கணக்கைச் செய்யலாம். ஒரு போரில் வெல்லும் நிகழ்தகவு 95 வீதம் எனக் கொள்வோம். நூற்றுக்கு ஐந்தே தோல்வி என்றால் யாரும் அவனை வல்லவன் என்றே சொல்வர். ஆனால் அவன் 50 போர்களைத் தொடர்ந்து வெல்லும் நிகழ்தகவு, 0.95ஐ ஐம்பது முறை பெருக்கக் கிடைப்பதாகிய ஏறத்தாழ 7.7 வீதமே. நூற்றுக்கு ஒரு தோல்வி மட்டும் உள்ளவனுக்கோ அது 60.5 வீதம். ஆயினும், இத்தகையவனும் 100 போர்களைத் தொடர்ந்து வெல்வது 36.6 வீதந்தான். சராசரியைப் பார்ப்பினும் இவ்வேறுபாடு தெளிவாகும். முன்னவனுடைய தொடர்கள் சராசரியாக 19 வெற்றிகளோடு முறியும். பின்னவனுடையவை 99 வெற்றிகளோடு முறியும். ஒரு போரை மட்டும் பார்ப்பவன் கண்ணுக்கு 95க்கும் 99க்கும் பெரிய வேறுபாடு தோன்றாது. தொடரிலே அது ஐந்து மடங்குக்கு மேலாக வந்து நிற்கின்றது.

பொறி வேண்டுமென்றே தங்களை ஏமாற்றுகின்றது என்று இவ்விளையாட்டினர் பலர் முறையிடுவர். என் மருமகனும் அவ்வாறே சொன்னான். பெருநீர்த்தாக்கு மூன்று முறை தொடர்ந்து தவறுவது ஆயிரத்தில் எட்டு முறையே நிகழத்தக்கது. அதனால் ஒருநாள் மாலைக்குள் அது நிகழக் கண்டவன் சதி என்கின்றான். ஆனால் நெடுந்தொடர் ஆடுபவன் அத்தகைய தாக்குதலை நூற்றுக்கணக்கான முறை ஏவுகின்றான். அரிது என்பது வாராதது என்று பொருள்படாது. காத்திருப்பவனுக்கு அது வந்தே தீரும். எதிரியின் தாக்குதல் தவறி அதனால் தான் பிழைத்த போர்களை அவன் கணக்கில் வைப்பதில்லை என்பதும் கருதத்தக்கது.

இனி அந்த 47ஆம் போருக்கு வருவோம். எதிரி முன்னிறுத்தியது வால்ரீன் என்னும் பனிவகைக் கடல்விலங்கு. மருமகன் நிறுத்தியிருந்தது சைசர் என்னும் உருக்கு வகைப் பிராணி. உருக்கின்மேற் பனித்தாக்குதல் பாதி வலிமையே காட்டும். ஆகவே நிலைமை தனக்கு இசைவானது என்று அவன் எண்ணினான். உடனே தாக்காமல், வாள்நடனம் என்னும் செயலால் தன் பிராணியின் தாக்குவலிமையை இரண்டு முறை பெருக்கிக்கொண்டு, பின்னர் மூன்று எதிரிகளையும் ஒவ்வொன்றாக வீழ்த்துவது அவன் திட்டம். அது நல்ல திட்டமே. பல போர்களை வென்று தந்த திட்டம். ஆனால் அந்த வால்ரீன் ஒரே அடியில் வீழ்த்தும் பனித்தாக்குதல் உடையது. இரண்டாம் வாள்நடனத்தின்போது அது பலித்துவிட்டது. முன்னணிப் பிராணியை இழந்தபின் எஞ்சிய இரண்டும் ஈடுகொடுக்கவில்லை.

“முப்பது வீதந்தான் மாமா. என் தலைவிதி” என்றான்.

“எத்தனை முப்பது வீதம்?” என்று கேட்டேன்.

முதலிற் கேள்வி அவனுக்கு விளங்கவில்லை. இரண்டு நடனங்களுக்கு எதிரி இரண்டு முறை அடிக்கின்றான். இரண்டிலும் தப்பிப் பிழைக்கும் நிகழ்தகவு 0.7 × 0.7, அதாவது 49 வீதம். வீழ்வதற்கு 51 வீதம். அவனிடம் அவ்விலங்குக்கேற்ற வேறு தாக்குதல் இருந்தது. முதலிலேயே அதனை ஏவியிருப்பின் எதிரிக்கு ஒரு வாய்ப்புக்கு மேற் கிடைத்திராது என்று அவனே ஒப்புக்கொண்டான். முப்பதை ஐம்பத்தொன்றாக்கியது விதியன்று. அடுத்து நான் கேட்டதுதான் அவனை நெடுநேரம் மௌனமாக்கியது. இதே எதிரியை முன்னர் சந்தித்ததில்லையா என்றேன். இரண்டு முறை சந்தித்திருக்கின்றான். இரண்டு முறையும் இதே இரண்டு நடனங்களை ஆடியிருக்கின்றான். இரண்டு முறையும் பனித்தாக்குதல் தவறிப்போய், அவன் எளிதாக வென்றிருக்கின்றான். நான்கு அடிகளிலும் தப்புவது 24 வீதமே. அவ்வாறாயின், 47ஆம் போரிற் செய்த பிழையை அவன் முன்னரே இருமுறை செய்துவிட்டான். அப்போது அதற்கு வெற்றி என்று பெயர். இப்போது தோல்வி என்று பெயர். பிழை ஒன்றே.

நான் கருதும் பாடம் இங்கேதான் இருக்கின்றது. தோல்வி பிழையைப் பிறப்பிப்பதில்லை. முன்னரே இருந்த பிழையைக் காட்டித்தருகின்றது. ஆகவே முறிந்த தொடரை ஆராய்பவன் இறுதிப் போரை மட்டும் துருவிக்கொண்டிருத்தல் போதாது. அதற்கு முன் தான் வென்ற போர்களைத் திறந்து பார்க்கவேண்டும்.

கணித ஆசிரியர்கள் இதனை வேறோர் உருவில் அறிவர். 16/64 என்னும் பின்னத்தைச் சுருக்குமாறு கொடுத்தால், தொகுதியெண்ணிலும் பகுதியெண்ணிலும் உள்ள 6 என்னும் இலக்கத்தை வெட்டிவிட்டு 1/4 என்று எழுதும் பிள்ளை உண்டு. விடை சரி! 19/95இல் 9ஐ வெட்டினால் 1/5; அதுவுஞ் சரி. 26/65இல் 6ஐ வெட்டினால் 2/5. 49/98இல் 9ஐ வெட்டினால் 4/8. நான்கும் சரியே. நான்கு சரிக்குறி வாங்கிய அப்பிள்ளையின் வெற்றித்தொடரை யார் ஐயுறுவர்? ஐந்தாவதாக 13/36 வருகின்றது. 3ஐ வெட்டி 1/6 என்று எழுதுகின்றான், பிழைக்குறி விழுகின்றது. “நாலு கணக்குச் சரி, ஒன்று மட்டும் கவனக்குறைவு” என்று ஆசிரியரும் தாயாரும் ஆறுதல் சொல்வர். உண்மையில் ஐந்தும் பிழை. விடையை மட்டும் பார்த்துத் திருத்தும் நாங்கள் அப்பிழைக்கு நான்கு முறை பரிசளித்திருக்கின்றோம். கொப்பிகளின் குவியலுக்கு முன்னே நள்ளிரவில் அமர்ந்து நானும் அவ்வாறு பரிசளித்தவனே.

நம் நாட்டவர் யாவரும் அறிந்த வெற்றித்தொடர் ஒன்றையும் இவ்வகையில் நோக்கலாம். 2023ஆம் ஆண்டு ஜூன் முதல் செப்டெம்பர் வரை இலங்கைக் கிரிக்கெட் அணி 13 ஒருநாட் போட்டிகளைத் தொடர்ந்து வென்றது. அவற்றுள் எட்டு, சிம்பாப்வேயில் நடந்த உலகக்கிண்ணத் தகுதிகாண் சுற்றிற் பெற்றவை. மாளிகையின் தொடக்கப் போர்களைப்போல, அவற்றிற் சில மெலிய எதிரிகளோடு நிகழ்ந்தவை. எனினும் அங்கேயும் நெதர்லாந்துக்கு எதிரான ஒரு போட்டியில் இலங்கை 213 ஓட்டங்களுக்குள் அடங்கி, 21 ஓட்டங்களாலேயே தப்பியது. பின்னர் ஆசியக் கிண்ணத்தில், செப்டெம்பர் 5ஆம் நாள் லாகூரில், இலங்கையின் 291 ஓட்டங்களை ஆப்கானிஸ்தான் துரத்திற்று. அடுத்த சுற்றுக்குச் செல்லவேண்டுமாயின் 37.1 ஓவர்களில் இலக்கை எட்டவேண்டும் என்னும் நெருக்கடியில் விரைந்தாடிய அவ்வணி, 37.4 ஓவர்களில் 289 ஓட்டங்களுக்கு எல்லா விக்கெட்டுகளையும் இழந்தது. இரண்டே ஓட்டங்களால் வெற்றி. அந்த அவசரம் எதிரணிக்கு இல்லாதிருப்பின் பன்னிரண்டு ஓவர்களுக்கு மேல் மீதமிருந்தன என்பதை வெற்றிக் களிப்பில் யார் நினைத்தனர்? புள்ளிப்பட்டியலில் அதுவும் ஒரு வெற்றியே.

செப்டெம்பர் 12ஆம் நாள் கொழும்பில் தொடர் முறிந்தது. அன்று இந்தியாவை 213 ஓட்டங்களுக்குள் வீழ்த்தி, துனித் வெல்லாலகே 40 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளைக் கைப்பற்றி, பின்னர் துடுப்பாலும் ஆட்டமிழக்காது 42 ஓட்டங்கள் எடுத்தும், இலங்கை 172இல் அடங்கி 41 ஓட்டங்களால் தோற்றது. என் கணிப்பில், அத்தோல்வி முன்னைய வெற்றிகள் சிலவற்றிலும் சிறந்த ஆட்டம். ஐந்து நாள் கழித்து இறுதிப் போட்டியிலே அதே இந்தியாவிடம் 50 ஓட்டங்களுக்கு அனைவரும் ஆட்டமிழந்தனர். முகமது சிராஜ் 21 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளை எடுத்தார். அவ்வாண்டு உலகக்கிண்ணத்தில் ஒன்பது போட்டிகளில் இரண்டையே இலங்கை வென்றது. முன்னணி வீரர் சிலர் காயமுற்றிருந்தமையும் உண்மையே. அதனைக் கழித்துவிட்டு நீதி சொல்லலாகாது. ஆயினும் துடுப்பாட்ட வரிசை தளர்ந்த நாட்களிற் பந்துவீச்சாளர் காப்பாற்றிய வெற்றிகள் அத்தொடரில் இருந்தன என்பதும், 13 என்னும் எண் அதனை மறைத்துவிட்டது என்பதும் மறுக்கத்தக்கன அல்ல.

இதற்கு மறுதலையான பிழை ஒன்றும் உண்டு. மருமகன் முதலிற் செய்ய எண்ணியது, மூன்று பிராணிகளையும் ஒருங்கே மாற்றிவிடுவது. தோற்றவன் மனத்தில் இவ்வெண்ணமே முதலில் எழும். ஆனால் 46 போர்களில் அவற்றைப் பற்றி அவன் பெற்ற அறிவு அதனோடு அழிந்துபோம். அன்றியும், ஒரு தோல்வியை வைத்துக்கொண்டு ஓர் அணி தகுதியற்றது என்று துணிவது எவ்வாறு? நம் ஊரின் செயின்ட் கூம்ஸ் தோட்டத்திலே தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கின்றது. பயிராராய்ச்சி செய்வோர் ஒரு புதிய உரத்தை ஒரே பாத்தியில் இட்டு, விளைவு குன்றினால் உரம் தீது என்று முடிவுகட்டுவதில்லை. அப்பாத்தியின் மண்ணோ சரிவோ நிழலோ காரணமாகலாம். ஆதலின் ஒரே உரத்தைப் பல பாத்திகளில் இட்டு, மற்றவற்றையெல்லாம் இயன்றவரை மாறாமல் வைத்து, அதன் பின்னரே பேசுவர். ஒரு தோல்வி ஒரு பாத்தி. அன்றைய போரில் எடுத்த முடிவு சரியா என்பதை அதன் விளைவைக் கொண்டன்றி, இதே நிலை நூறு முறை வந்தால் நூறு முறையும் இதனையே செய்வேனா என்னும் வினாவைக் கொண்டே அளக்கவேண்டும். “ஆம்” என்று நெஞ்சறியச் சொல்லக்கூடுமாயின் அத்தோல்வியை அப்படியே விட்டுவிடலாம். அதிற் கற்பதற்கு ஒன்றுமில்லை. எல்லாத் தோல்வியிலும் பாடம் தேடுபவன் இல்லாத பாடங்களையும் கற்றுவிடுவான்.

திருவள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். இவ்விரண்டையும் முரணென்று காட்டிப் பட்டிமண்டபம் நடத்துவது நம்மவர்க்கு வழக்கம். என் மருமகனுடைய கணக்கிலோ இரண்டும் ஒரே பெருக்கலில் அடங்கியிருந்தன. தாக்குதலொன்றுக்கு முப்பது என்பது அவனாற் குறைக்கமுடியாதது; அத்தாக்குதலுக்கு ஒரு முறை இடங்கொடுப்பதா, இரு முறை இடங்கொடுப்பதா என்பது முழுவதும் அவனுடையது.

மறுநாட் காலை அவன் மீண்டும் கருவியைத் திறந்தான். அணியில் ஒரே ஒரு மாற்றஞ் செய்தான்: ஒரே அடியில் வீழ்த்தும் தாக்குதல்கள் பலிக்காத உறுதிப்பண்புடைய ஸ்கார்மோரி என்னும் பறவையை ஓரிடத்திற் சேர்த்தான். என் வேண்டுகோளுக்கிணங்கி ஒரு பழைய கொப்பியில் ஒவ்வொரு போருக்கும் ஒரு வரி எழுதினான். வென்ற போர்களுக்கு நேரே, அது தகுதியால் வந்ததா, எதிரியின் குறி தவறியதால் வந்ததா என்று குறிக்கவேண்டும் என்பது நிபந்தனை. முதற் பக்கம் நிறையுமுன்னரே, தவறியதால் வந்த வெற்றிகள் ஐந்து சிவப்பு மையாற் கோடிடப்பட்டிருந்தன. அவற்றுள் மூன்று ஒரே வகை எதிரியிடம் பெற்றவை. அத்தகைய எதிரி வரும்போது எதனை முன்னிறுத்துவது என்று இருவரும் ஒரு மாலை முழுதும் வாதிட்டோம். என் யோசனை நகைப்புக்கிடமானது என்று பின்னர் தெரியவந்தது.

அத்தொடர் 39இல் முறிந்தது. முன்னையதிலும் ஏழு குறைவு. எதிரியின் பிராணி விரைநகத்தால் முந்தியதும், அதன் அடி அரிய பேரடியாக அமைந்ததும் ஒருங்கே நேர்ந்துவிட்டன. அவன் கொப்பியை எடுத்து அப்போரை முதலிலிருந்து எழுதிப் பார்த்தான். முடிவில், “இதில் நான் மாற்றிச் செய்ய ஒன்றுமில்லை, மாமா” என்றான். நானும் பார்த்தேன், இல்லைதான். தேநீர் குடித்துவிட்டு அடுத்த தொடரைத் தொடங்கினான்.